பால் டம்ளருக்கு முன்னால் கழுத்தைப் பாருங்கள்

தைராய்டு பிரச்சினைக்குச் சிகிச்சை எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இப்போதெல்லாம் கையில் ஒரு வண்ணத்தாளோடு வருகிறார்கள். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் அறிக்கை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டைகள். சிவப்புப் பட்டைக்குள் ஒரு புள்ளி. அதற்குக் கீழே ‘டி ஸ்கோர் -2.6’ என்று ஓர் எண். பிள்ளைக்கு வயது 14 அல்லது 15 இருக்கும். “எலும்பு தேஞ்சுபோச்சுன்னு ஸ்கேன் எடுத்த இடத்துலயே சொல்லிட்டாங்க டாக்டர்” என்று அம்மா ஆரம்பிப்பார். அப்பாவின் கவலை வேறு: “பால் நிறையக் குடுக்கணுமா, இல்ல பாலையே நிறுத்தணுமா? ரெண்டு விதமாவும் சொல்றாங்களே.”

ரெண்டு விதமாகத்தான் சொல்கிறார்கள். பால் குடிக்கப் பிடிவாதம் பிடித்த பிள்ளை, அதனால்தான் எலும்பில் சத்தில்லை என்று ஒரு கட்சி. பால்தான் தைராய்டைக் கெடுக்கிறது, எலும்பில் இருக்கும் கால்சியத்தையும் அதுவே கரைத்து வெளியேற்றுகிறது என்று யூடியூபில் எதிர்க்கட்சி. இருவருமே எலும்பின் கதையை டம்ளருக்குள் தேடுகிறார்கள். தைராய்டு நோய் உள்ள பிள்ளையின் எலும்பை முதலில் தீர்மானிப்பது ரத்தத்தில் ஓடும் தைராய்டு ஹார்மோனின் அளவு. அது ஒரு நிலைக்கு வந்த பிறகே பாலுக்கோ கேழ்வரகுக்கோ வேலை வருகிறது. இந்த வரிசை மாறினால் எவ்வளவு பால் ஊற்றியும் பயனில்லை என்பதுதான் என் வாதம்.

அதற்கு முன் அந்தத் தாளை ஒழுங்காகப் படித்துவிடுவோம். டி ஸ்கோர் என்பது ஒருவருடைய எலும்பு அடர்த்தியை 30 வயதை ஒட்டிய ஆரோக்கியமான இளையோரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் 50 வயதைக் கடந்த ஆண்களுக்கும் உரிய அளவுகோல் அது. 14 வயதுப் பிள்ளையின் எலும்பு 30 வயது எலும்பாக இன்னும் ஆகவில்லை. அதை ஆகவில்லை என்று குறை சொல்வதில் அர்த்தமும் இல்லை. வளரும் பிள்ளைகளுக்குப் பார்க்க வேண்டியது இசட் ஸ்கோர். அதே வயதுடைய, அதே பாலினத்துப் பிள்ளைகளோடு செய்யும் ஒப்பீடு அது. பெரும்பாலும் அதே தாளில், சற்றுத் தள்ளி, யார் கண்ணிலும் படாத இடத்தில் இருக்கும். டி ஸ்கோரில் சிவப்புக்குள் கிடந்த பிள்ளைக்கு இசட் ஸ்கோர் -1.1 என்று இருப்பது சாதாரணமாகக் காணக்கூடிய ஒன்று. அது நோயே அல்ல. பிள்ளை குள்ளம் என்றால் அதற்கும் ஒரு திருத்தம் போட வேண்டும். டெக்ஸா இயந்திரம் எலும்பைத் தட்டையான நிழலாகத்தான் பார்க்கிறது. சிறிய எலும்பை அடர்த்தி குறைந்த எலும்பென்று எடுத்துக்கொள்ளும்.

எலும்பு அடர்த்தி அளவீட்டுக்கென இயங்கும் சர்வதேசச் சங்கத்தின் விதி இன்னும் கறாரானது. ஸ்கேன் எண்ணை மட்டும் வைத்து ஒரு குழந்தைக்கு ஆஸ்டியோபோரோசிஸ் என்று முத்திரை குத்தக் கூடாது. பெரிய அடி எதுவும் படாமலேயே முதுகெலும்பு நொறுங்கியிருக்க வேண்டும். அல்லது இசட் ஸ்கோர் -2க்குக் கீழே போயிருப்பதோடு, 10 வயதுக்குள் இரண்டு முறையோ 19 வயதுக்குள் மூன்று முறையோ கை கால்களின் நீண்ட எலும்புகள் முறிந்திருக்க வேண்டும். முகாம்களில் குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் அளவுக்கு, வளரும் பிள்ளையின் நோயை முடிவு செய்யும் தகுதி கிடையாது. 20 வயதுக்கு உட்பட்டவர்களின் அறிக்கையில் டி ஸ்கோரை அச்சிடவே கூடாது என்று ஸ்கேன் மையங்களுக்கு ஓர் உத்தரவு போட்டால் எத்தனையோ வீடுகளில் ஒரு வாரத் தூக்கம் மிஞ்சும்.

இதையெல்லாம் பிரச்சினையே இல்லை என்று தட்டிக்கொடுத்து அனுப்புவதற்காகச் சொல்லவில்லை. தைராய்டு மிகையாகச் சுரக்கும் பிள்ளைக்கு எலும்பு உண்மையாகவே குறையும். 1891இல் ஜெர்மானிய நோய்க்கூறியல் வல்லுநர் ஃபான் ரெக்லிங்ஹவுசன், மிகை தைராய்டு நோயால் இறந்துபோன ஓர் இளம்பெண்ணின் நீண்ட எலும்புகள் புழு அரித்தவைபோல இருந்ததைப் பதிவு செய்தார். தைராய்டு ஹார்மோனான தைராக்ஸினை அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல் பிரித்தெடுத்தது 1914இல்தான். ஆக, ஹார்மோன் கையில் கிடைப்பதற்கு 23 ஆண்டுகள் முன்பே அது எலும்பில் செய்யும் வேலை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தெரிந்த விஷயத்தில் நாம் இன்னும் பால் பாக்கெட்டை வைத்து வாக்குவாதம் செய்துகொண்டிருக்கிறோம்.

இடிப்பவர்களும் கொத்தனார்களும்

எலும்பு ஒரு முறை கட்டி முடித்துச் சுண்ணாம்பு அடித்துவிட்ட கட்டடம் கிடையாது. உள்ளே மராமத்து நடந்துகொண்டே இருக்கும். ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் செல்கள் பழைய எலும்பை இடித்துக் குழி தோண்டும். ஆஸ்டியோபிளாஸ்ட் என்னும் கொத்தனார்கள் பின்னாலேயே வந்து குழியை நிரப்புவார்கள். பெரியவர்களிடம் இந்தச் சுற்று ஒன்று முடியச் சுமார் 200 நாட்கள் ஆகும். தைராய்டு ஹார்மோன் அளவுக்கு மீறினால் அது ஏறக்குறைய பாதியாகச் சுருங்கிவிடுகிறது. இடிப்பவர்களுக்கு வேகம் பிரச்சினையில்லை. கொத்தனார்களுக்குத்தான் நேரம் போதாது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இடித்ததில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு நிரப்பப்படாமலே நின்றுபோகும். ஹார்மோன் குறைந்தாலோ கதை தலைகீழ்: ஒரு சுற்றுக்கே 700 நாட்கள்வரை இழுக்கும். எலும்பு கரையாது, ஆனால் வளர வேண்டிய பிள்ளை வளராமல் நின்றுவிடும். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் 12 வயதுப் பிள்ளைக்கு 8 வயது எலும்பு தெரியும்.

பால் விவாதத்தைத் தீர்த்துவைக்கக்கூடியது இதற்கு அடுத்த கட்டம். இடிபட்ட எலும்பிலிருந்து கால்சியம் ரத்தத்துக்குள் கொட்டுகிறது. ரத்தத்தில் கால்சியம் போதுமான அளவு இருப்பதைப் பார்த்துப் பாராதைராய்டு சுரப்பிகள் தங்கள் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. பாராதைராய்டு ஹார்மோன் குறைந்தால் வைட்டமின் டியைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் வேலை சிறுநீரகத்தில் குறைகிறது. அது குறைந்தால் குடல் கால்சியத்தை உறிஞ்சும் திறன் குறைகிறது. மிஞ்சிய கால்சியம் சிறுநீரில் போகிறது. அதாவது, ஹார்மோன் தறிகெட்டு ஓடும் நாட்களில் நீங்கள் அனுப்பும் செங்கல் லாரியை உடம்பு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. அந்த நாட்களில் பாலை நிறுத்துங்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. பிள்ளை விரும்பினால் குடிக்கட்டும். பாலையும் சத்துமாவையும் நம்பி மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கார்பிமசோல் போன்ற மருந்து தொடங்கி ஹார்மோன் அடங்கியதும் எல்லாம் மாறுகிறது. வளரும் வயதின் பெரிய வரம் இது. தைராய்டை மிகையாகச் சுரக்கவைக்கும் கிரேவ்ஸ் நோயால் எலும்பு அடர்த்தி குறைந்த பிள்ளைகள், நோய் சரியாகக் கட்டுப்பட்டால் ஓரிரு ஆண்டுகளில் தம் வயதுக்குரிய அளவைப் பெரும்பாலும் எட்டிவிடுகிறார்கள். அறுபது வயதில் இழந்த எலும்பு அப்படித் திரும்பாது. கால்சியம் நிறையத் தேவைப்படும் காலமும் இதுதான். தைராய்டை அறுவைச் சிகிச்சை செய்து எடுத்த சிலருக்கு எலும்பு ரத்தத்திலுள்ள கால்சியத்தை இழுக்கும் வேகத்தில் விரல் நுனியும் உதட்டைச் சுற்றிலும் மரத்துப்போகும். பசித்த எலும்பு என்றே அதற்கு மருத்துவத்தில் பெயர். பாலுக்கான நேரம் எது என்று கேட்டால், இதுதான்.

நோயைக் கண்டுபிடிப்பதில்தான் நாம் மாதக்கணக்கில் கோட்டை விடுகிறோம். 1835இல் டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் விவரித்த இந்த நோய், வளரிளம் பருவத்தில் பையன்களைவிடப் பெண்களையே பல மடங்கு அதிகமாகப் பிடிக்கிறது. ஆனால் நம் வீடுகளில் அது நோயின் முகத்தோடு வருவதில்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள், உடம்பில்தான் ஒட்டவில்லை. எப்போதும் ஃபேனுக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள், அழுகிறாள், ‘வயசுக் கோளாறு’. கையெழுத்து கோணலாகிவிட்டது, மதிப்பெண் இறங்கிவிட்டது; ‘செல்போன்’. போதாக்குறைக்கு, இந்த நோய் பிள்ளைகளின் உயரத்தைக் கொஞ்ச காலம் வேகமாகக் கூட்டவும் செய்யும். ஒரே வருடத்தில் பிள்ளை நெடுநெடுவென்று வளர்ந்து ஒல்லியாக நிற்பதைப் பார்த்து அத்தைமார்கள் கண்ணு பட்டுவிடும் என்கிறார்கள். அந்த நேரத்தில் பிள்ளை அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணினால் நாடித்துடிப்பு நூறைத் தாண்டி ஓடும். யாரும் எண்ணுவதில்லை.

தாமதத்துக்கு இந்த வயதில் விலை அதிகம். கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுதோறும் பின்தொடர்ந்து அளந்த ஆய்வு 1999இல் ஒரு கணக்கைக் கொடுத்தது. ஒருவர் தம் வாழ்நாளுக்குச் சேர்க்கும் எலும்புத் தாதுவில் சுமார் 26% இரண்டே ஆண்டுகளில் சேர்ந்துவிடுகிறது. பெண்களுக்கு அது பன்னிரண்டரை வயதை ஒட்டி, ஆண்களுக்குப் பதினான்கை ஒட்டி உச்சம் தொடுகிறது. அந்த இரண்டு ஆண்டுகளில் எட்டு மாதம் ‘வயசுக் கோளாறு’ என்று போய்விட்டால், இழப்பு டம்ளர் கணக்கில் ஈடுசெய்யக்கூடியதாக இருக்காது.

மாத்திரை பாட்டில்

எலும்புக்குக் கேடு வரும் இரண்டாவது வழி மருந்துக் கடை. மிகை தைராய்டைவிட நம்மிடம் அதிகம் காண்பது குறை தைராய்டு. வளரிளம் பருவத்தில் இதற்குப் பொதுவான காரணம், 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ விவரித்த தன்னெதிர்ப்பு நோய். இதற்குத் தரும் தைராக்ஸின் சரியான அளவில் இருந்தால் எலும்புக்கு ஒன்றும் ஆகாது. அளவு கூடினால், அது மாத்திரை வடிவில் வந்த மிகை தைராய்டு. எலும்புக்கு ரெண்டும் ஒன்றுதான்.

அளவு எப்படிக் கூடுகிறது? நூறு மாத்திரை கொண்ட அந்தச் சின்னப் பாட்டிலைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் வரும். தீர்ந்ததும் காலிப் பாட்டிலைக் கடையில் காட்டினால் அதே அளவில் புதுப் பாட்டில் கிடைக்கும். ரத்தப் பரிசோதனை தேவையே இல்லை என்பதுபோல ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஓடிவிடும். சின்னக் குழந்தைக்கு உடல் எடையில் கிலோவுக்கு இவ்வளவு என்று தரும் அளவு, பருவம் தாண்டும்போது குறையும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்காது. எடை குறையும் என்று பிள்ளைகள் தாமாகவே ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கொள்வதும் உண்டு. வளர்ச்சி முடியும்வரை ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறையாவது டிஎஸ்எச் என்னும் தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்தாக வேண்டும். மாத்திரை அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் இன்னொரு முறை. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடும் பெண்கள், பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பாவது அதை நிறுத்த வேண்டும். சில லேப் முறைகளில் பயோட்டின், ஆரோக்கியமான பிள்ளைக்கும் மிகை தைராய்டு என்று பொய்யான முடிவைக் காட்டிவிடும்.

இந்த மாத்திரையும் பாலும் சந்திக்கும் இடத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரு கட்சிக்காரர்களும் அதைப் பேசுவதில்லை. தைராக்ஸினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை வேறு எதுவும் எடுக்காமல் இருக்க வேண்டும். பள்ளி வேன் ஏழு மணிக்கு வரும் வீட்டில் அது நடக்கிறதா? ஒரு கையில் மாத்திரை, மறு கையில் பால் டம்ளர். பாலில் உள்ள கால்சியமும் காபியும் மாத்திரை ரத்தத்தில் ஏறுவதைக் குறைக்கின்றன; கால்சியம் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் இன்னும் அதிகமாகக் குறைக்கின்றன. ஹார்மோன் குறைவதால் டிஎஸ்எச் கூடுகிறது. மருத்துவர் மாத்திரை அளவைக் கூட்டுகிறார். ஏப்ரல், மே விடுமுறையில் பிள்ளை எட்டு மணிக்கு எழுந்து, மாத்திரை போட்டு, ஒன்பது மணிக்குச் சாப்பிடுகிறது. கூட்டிய அளவு முழுதாக ஏறுகிறது. அதனால்தான் பால் கெட்டது என்கிறவர்களுக்கும் ஒரு சின்ன ஆதாரம் கிடைத்துவிடுகிறது. தவறு பாலில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. காலையில் முடியாது என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும் முன் போடலாம். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி போதும். பள்ளியில் மதிய உணவுக்குப் பிறகு வாராவாரம் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையால் காலையில் போட்ட தைராக்ஸினுக்குத் தொந்தரவு இல்லை.

பாலின் மீதான வழக்கு

பால் எலும்பைக் கரைக்கிறது என்ற வாதத்தின் வேர், புரதம் ரத்தத்தை அமிலமாக்கும், அதைச் சரிக்கட்ட உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் என்ற பழைய கருதுகோள். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டானிஸ் ஃபென்டன் குழு 2009இலும் 2011இலும் அதுவரையிலான ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து அலசியது. அமிலக் கருதுகோளுக்கு ஆதாரம் நிற்கவில்லை. பால் ஆறாக ஓடும் ஸ்வீடன், நார்வே நாடுகளில்தானே இடுப்பெலும்பு முறிவு அதிகம் என்று அடுத்த கேள்வி வரும். உண்மைதான். அங்கே முறிவது எண்பதை நெருங்கியவர்களின் எலும்பு. உயரமான உடல், குறைவான வெயில், பனியில் வழுக்கி விழுவது, பரம்பரை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. பதினைந்து வயதில் குடித்த பாலின் தலையில் மட்டும் அதைக் கட்ட முடியாது.

அதற்காகப் பால் கட்சியினர் மார்தட்டிக்கொள்ளவும் இடமில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 12 வயதுச் சிறுமிகள் 82 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 1997இல் வெளியானது. ஒன்றரை ஆண்டு நாள்தோறும் அரை லிட்டருக்குச் சற்று அதிகமாகப் பால் குடித்தவர்களின் எலும்பு அடர்த்தி 9.6% கூடியது. வழக்கமான உணவில் இருந்தவர்களுக்கு 8.5%. வித்தியாசம் இருக்கிறது, தலைகீழ் மாற்றம் என்று சொல்லும்படி இல்லை. 2006இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், ஆரோக்கியமான குழந்தைகள் 2,859 பேரை வைத்துக் கூடுதல் கால்சியம் கொடுத்துப் பார்த்த 19 சோதனைகளின் தொகுப்பு வெளியானது. கையெலும்பில் சிறிய பயன். இடுப்பிலும் முதுகெலும்பிலும் இல்லை. பற்றாக்குறையில் இருக்கும் பிள்ளைக்குப் பால் கைகொடுக்கும். ஏற்கெனவே போதுமான அளவு கிடைக்கும் பிள்ளைக்கு மேலும் மேலும் ஊற்றுவதால் இரும்பு எலும்பு வந்துவிடாது. உயரத்துக்கும் வலுவுக்கும் உத்தரவாதம் தரும் டப்பா பானங்களின் விளம்பரத்தை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

ஹாஷிமோட்டோ இருக்கிறது, பாலை முழுசாக நிறுத்திவிட்டோம் என்கிறவர்களிடம் காரணம் கேட்டால் ‘இன்ஃப்ளமேஷன்’ என்பார்கள். பால் புரத ஒவ்வாமை இருப்பவர்கள் நிறுத்தத்தான் வேண்டும். பால் குடித்தால் வயிறு உப்பி, பேதியாகும் லாக்டோஸ் செரியாமை நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. அவர்களுக்கும் தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். இந்த இரண்டும் இல்லாத பிள்ளைக்குத் தைராய்டைக் காரணம் காட்டிப் பாலைப் பறிக்க வேண்டியதில்லை. பாலுக்குப் பதிலாகச் சோயா பாலுக்கு மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சோயாவும் தைராக்ஸின் ஏறுவதைத் தடுக்கும். பாதாமை அரைத்து வடிகட்டிய பாலில் கால்சியம் சொற்பம்.

பாலுக்கும் தைராய்டுக்கும் உண்மையாகவே நடந்த ஒரு கதை இருக்கிறது. அது பிரிட்டனின் கதை. அங்கே டெர்பிஷயர் வட்டாரத்தில் அயோடின் குறைவால் தைராய்டு வீங்கும் கழுத்துக் கழலை எவ்வளவு பரவியிருந்தது என்றால், அதற்கு ‘டெர்பிஷயர் கழுத்து’ என்றே பெயர். பிரிட்டன் உப்பில் அயோடின் சேர்க்கும் திட்டம் எதையும் கொண்டுவரவில்லை. ஆனால் 1930களிலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுப்பது பெருகியது. மாட்டுத் தீவனத்தில் அயோடின் சேர்த்தார்கள். கறக்கும் முன் மடியைக் கழுவ அயோடின் கலந்த கிருமிநாசினி வந்தது. யாரும் திட்டமிடாமலே பால் வழியாக அயோடின் ஊருக்குள் போய்ச் சேர்ந்து, கழலை மறைந்தது. பின்னர் இளம்பெண்கள் பாலைக் கைவிடத் தொடங்கினார்கள். 2011இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், 14, 15 வயதுப் பள்ளி மாணவிகள் 737 பேரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அயோடின் பற்றாக்குறையின் ஏதோ ஒரு படியில் இருந்தார்கள். பால் குறைவாகக் குடிப்பதும் அதோடு தொடர்புடையதாகத் தெரிந்தது.

நம்மிடம் அந்த வேலையைச் செய்ய வேண்டியது உப்பு. 1962இல் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகும், 2018-19 தேசிய அயோடின் கணக்கெடுப்பில் போதுமான அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில் 61.9%தான், நாட்டிலேயே கடைசி இடம். தூத்துக்குடியையும் வேதாரண்யத்தையும் வைத்திருக்கும் மாநிலம் நாம். உப்பளத்துக்குப் பக்கத்து ஊர்களில் மூட்டையில் வாங்கும் கல்லுப்பின் ருசியை யாரும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை என்பது எனக்குப் புரிகிறது. மீன் குழம்புக்குக் கல்லுப்புதான் என்று சொல்லும் வீட்டில் வளர்ந்தவன்தான் நானும். அயோடின் கலந்த கல்லுப்பும் கடையில் கிடைக்கிறது. ஓர் எச்சரிக்கை: கழுத்தில் வீக்கம் தெரிந்ததும் அயோடின் சொட்டு வாங்கிக் கொடுப்பது கூடாது. கிரேவ்ஸிலும் ஹாஷிமோட்டோவிலும் அது நோயைக் கிளறிவிடும்.

ஒரு நாள் கணக்கு

ஹார்மோன் அடங்கிவிட்டது, மாத்திரை நேரமும் சரி என்றால், இப்போது கால்சியத்துக்கு வரலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, 13 முதல் 15 வயதுவரை நாளுக்கு 1,000 மில்லிகிராம், 16 முதல் 18 வரை 1,050 மில்லிகிராம் வேண்டும். பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணின் நாளை எடுத்துக்கொள்வோம். காலை டீயில் 75 மில்லி பால் என்றால் 90 மில்லிகிராம். டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு, சொற்பம். சாயங்காலம் இன்னொரு டீ, 90. இரவு ஒரு சின்னக் கிண்ணம் தயிர், 120. அரிசி, பருப்பு, காய், தேங்காய்ச் சட்னி எல்லாம் சேர்ந்து ஒரு 150. மொத்தம் 450. “தினமும் ஒரு லிட்டர் பால் வாங்குறோமே” என்று அம்மா சொல்வது பொய்யில்லை. அது பெரியவர்களின் காபியிலும் விருந்தாளியின் டீயிலும் தீர்ந்துவிடுகிறது.

இந்தப் பள்ளத்தை நிரப்ப எளிய வழி இரண்டு டம்ளர் பால், அல்லது ஒரு டம்ளர் பாலும் பெரிய கிண்ணம் தயிரும். 250 மில்லியில் 300 மில்லிகிராம் கால்சியம். அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். பால் வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. தானியத்திலுள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் அதைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டினாலோ கூழாகப் புளிக்கவைத்தாலோ பிடி தளரும். முருங்கைக்கீரையில் 300க்கு மேல். வெளிநாட்டுச் சமையல் வீடியோக்களில் வரும் ஸ்பினாச்சை மட்டும் நம்ப வேண்டாம். அமெரிக்க எலும்பு ஆய்வாளர் ராபர்ட் ஹீனியின் குழு 1988இல் அளந்தபோது, ஆக்சலேட் காரணமாக அதிலுள்ள கால்சியத்தில் 5% மட்டுமே உடம்பில் சேர்ந்தது. முள்ளோடு தின்னும் நெத்திலி, எள்ளுருண்டை இரண்டும் நல்லவை. நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023இல் ரேஷன் கடையில் கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தது எனக்குப் பிடித்த அரசு முடிவுகளில் ஒன்று. அது மாநிலம் முழுக்க வர வேண்டும்.

கால்சியம் குடலைத் தாண்ட வைட்டமின் டி வேண்டும். 2016-18இல் நடந்த தேசிய முழுமை ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் இந்திய வளரிளம் பருவத்தினரில் 24% பேருக்கு அது குறைவு. அதற்கும் முன்பே, 2007இல், திருப்பதி ஆய்வாளர்கள் தென்னிந்தியர்களிடம் குறைந்த கால்சியம், அதிக ஃபைட்டேட், வைட்டமின் டி பற்றாக்குறை மூன்றும் கைகோத்து நிற்பதைக் காட்டியிருந்தார்கள். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இப்படி. விடியும் முன் டியூஷன், இருட்டிய பின் டியூஷன், நடுவில் வகுப்பறை. பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறார். எலும்பு வலுவாவதற்கு அதன்மேல் பாரமும் அதிர்வும் விழ வேண்டும்; குதிப்பது, ஓடுவது, கயிறு தாண்டுவது, கபடி. நாடித்துடிப்பு அடங்காத கிரேவ்ஸ் பிள்ளையை மட்டும் மருத்துவர் சொல்லும்வரை மைதானத்தில் ஓடவிடக் கூடாது.

இவ்வளவையும் ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமில்லை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பிறப்பு முதல் 18 வயதுவரை தேட வேண்டிய 30 குறைபாடுகளில் கழுத்துக் கழலையும் இருக்கிறது, வைட்டமின் டி குறைவால் வரும் எலும்புக் கோளாறான ரிக்கெட்ஸும் இருக்கிறது. நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒரு முறை பள்ளிக்கு வருகிறது. அந்தக் குழு கழுத்தைத் தொட்டுப் பார்க்கும்போதே நாடியை ஒரு நிமிடம் எண்ணட்டும். கையை முன்னால் நீட்டச் சொல்லி விரல்கள்மீது ஒரு தாளை வைத்தால் நடுக்கம் தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் மாவட்ட மருத்துவமனைக்கு எழுதும் சீட்டில் டிஎஸ்எச், ஃப்ரீ டி4 இரண்டையும் குறிக்கட்டும். எடையும் உயரமும் ஏற்கெனவே அளந்து எழுதப்படுகின்றன. போன வருடம் 42 கிலோ இருந்த பெண் இந்த வருடம் 39 கிலோ, உயரம் மட்டும் ஆறு சென்டிமீட்டர் கூடியிருக்கிறது என்றால், இரண்டு எண்களும் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கும். இரு வருடப் பக்கங்களையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதை, அந்தக் குழுவில் ஒருவருக்குப் பெயர் சொல்லி வேலையாக ஒதுக்க வேண்டும்.